கண்ணக்கா பார்த்துவிட்டாள்

நான்கு நாள் விடுப்பு முடிந்து அவன் ஆபீஸுக்குத் திரும்பியபோது மணி ஒன்றேகால். மூன்றாம் மாடியில் லிஃப்ட் திறந்ததும் வழக்கமான வாசனை வந்தது. பழைய கார்ப்பெட், யாரோ சூடுபண்ணிய சாப்பாடு, தரை துடைக்கும் திரவம். நடைபாதையின் கடைசியில் இருந்த ட்யூப்லைட் துடித்துக்கொண்டிருந்தது. அதை மாற்றச் சொல்லி அவனே மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறான். ஒரு சர்வரை ஐந்து நிமிடத்தில் இரண்டு மடங்கு பெரிதாக்கிவிடும் கம்பெனியால் ஒரு ட்யூப்லைட்டை மாற்ற முடியவில்லை.

ஆபீஸில் அவனுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது ஒரு காரணம். எந்த வேலையையும் வழியில் எங்கும் நிற்காமல் முடிப்பான் என்பது இன்னொரு காரணம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று மேனேஜர் அவ்வப்போது சொல்வார். ஆனால் அவசர வேலை வந்தால் அவனைத்தான் கூப்பிடுவார்.

அந்தக் கம்பெனி விற்றது ஒரு பட்டன். தனியாக இருக்கும் வயதானவர்களும் நோயாளிகளும் அதைத் தாயத்து மாதிரி கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். நெஞ்சு வலித்தால், வழுக்கி விழுந்தால், அமுக்க வேண்டும். முதல் மாடியில் உட்கார்ந்திருக்கும் பெண்களில் ஒருத்தி உடனே பேசுவாள், ஆம்புலன்ஸ் அனுப்புவாள். பட்டனுக்கும் அந்தப் பெண்களுக்கும் நடுவில் இருப்பது ஒரு சர்வர். எல்லாப் பேச்சும் அதன் டிஸ்க்கில் பதிவாக வேண்டும். பதிய இடம் இல்லையென்றால் சர்வர் அழைப்பையே எடுக்காது.

சர்வர் அந்தக் கட்டடத்தில் கிடையாது. வேறெங்கோ ஒரு பெரிய கம்பெனி வாடகைக்குக் கொடுக்கும் இடத்தில் இருக்கிறது. அதற்கு மேகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், மழை மட்டும்தான் பெய்வதில்லை. வாடகை வீடு மாதிரி வேண்டும்போது பெரிய இடத்துக்குப் போகலாம். சர்வரைப் பெரிதாக்க அதை நிறுத்த வேண்டும், அளவை மாற்ற வேண்டும், மறுபடி ஓடவிட வேண்டும். டிஸ்க்கை நிறுத்தாமலே பெரிதாக்கலாம். ஆனால் அதைச் சிறிதாக்க மட்டும் முடியாது. வளர்ந்த பிள்ளையை யாரும் மறுபடி தொட்டிலில் போட முடியாது.

இந்த வேலைகளை மதியம் இரண்டு மணிக்குத்தான் செய்வார்கள். பட்டனை அமுக்குகிறவர்கள் பெரும்பாலும் இரவில்தான் அமுக்குவார்கள். மதியம் இரண்டு மணிக்கு எல்லோரும் சாப்பிட்டுக் கண்ணயர்ந்திருப்பார்கள். ஊருக்கெல்லாம் நடுச்சாமம் எப்படியோ, அந்த ஆபீஸுக்கு மதியம் இரண்டு மணி அப்படி.

"வந்துட்டீங்களா தம்பி? அப்பா எப்படி இருக்காரு?"

கேட்டவரை எல்லோரும் பொறுமை அண்ணன் என்பார்கள். ஐம்பது வயது. எதையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் மூச்சு விடுவார்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாச்சுண்ணே. எங்ககூட வந்து இருங்கன்னா கேக்கமாட்டேங்கறாரு. தன் வீட்லதான் இருப்பாராம். நம்ம பட்டனைத்தான் கழுத்துல மாட்டி விட்டிருக்கேன்."

"கேள்விப்பட்டேன். கீழே பொண்ணுங்க சொல்லிச் சொல்லிச் சிரிக்குதுங்க. ரெண்டு நாள்ல நாலு தடவை அமுக்கிட்டாராம். 'சும்மா செக் பண்ணேன் அம்மாடி, போலாம் ரைட்'னு சொல்லி வச்சிடறாராம்."

அவனும் சிரித்தான். அப்பா முப்பத்தொரு வருடம் விசில் ஊதியவர். போனை வைக்கும்போதும், சாப்பிட்டு எழும்போதும், ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு முடிந்ததும் அவர் வாயில் வருவது அந்த இரண்டு சொல்தான்.

"ஒரு விஷயம் தம்பி," என்று பொறுமை அண்ணன் திரையைத் திருப்பிக் காட்டினார். "டிஸ்க் நிறைஞ்சுட்டே இருக்கு. நீங்க போன அன்னைக்கு ஐநூறு ஜிபி. ஆயிரமாக்கினேன், ரெண்டாயிரமாக்கினேன், நேத்து நாலாயிரமாக்கினேன். இப்பப் பாருங்க, தொண்ணூத்தொரு சதவீதம். எவ்வளவு போட்டாலும் பத்தலை. அழைப்பு ஒண்ணும் கூடலையே, எங்க போகுது இடம்?"

அவர் சாப்பிடப் போனார். அவன் உட்கார்ந்து தேடினான். ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது.

ஒரே ஒரு கோப்பு. ஒரே ஓர் அழைப்பின் பதிவு, இன்னும் முடியாமல் வளர்ந்துகொண்டிருந்தது. போன வாரம் வரை அந்தக் கோப்பு அங்கே இருந்ததில்லை. ஆனால் அதன் தொடக்க நேரம் போன வருடத்துத் தேதியாக இருந்தது. மதியம் இரண்டு மணி ஏழு நிமிடம்.

அந்தத் தேதியில், அந்த நிமிடத்தில், எந்த அழைப்பும் பதிவாகியிருக்க வழியில்லை. அப்போது சர்வரே ஓடவில்லை. நிறுத்தியவன் அவன்தான்.

போன வருடக் கதையை இங்கே சொல்லியாக வேண்டும்.

சர்வரை நிறுத்தும் வேலைக்கு அந்த ஆபீஸில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கை, ஒருவர் கண். கை பட்டியலில் உள்ளதை ஒவ்வொன்றாகச் செய்யும். கண் சரிபார்க்கும். எல்லாம் சரியென்றால் கண், தன் திரையில், தன் பெயருக்கு எதிரே 'பார்த்துட்டேன்' என்று எழுத வேண்டும். எழுதினால்தான் கையின் திரையில் நிறுத்தும் விளக்கு பச்சையாகும். வேறெப்படியும் பச்சையாகாது.

அந்தக் காலத்தில் கண்ணாக இருந்தவள் தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண். நாற்பது வயது, தனிக்கட்டை, அப்பாவோடு இருந்தாள். எல்லோருக்கும் அவள் கண்ணக்கா. அவளை ஏமாற்றி ஒரு கமாவைக்கூடத் தப்பாகப் போட முடியாது. அன்றைக்குப் பட்டியலின் முதல் வரி, 'அழைப்புகளை இரண்டாவது சர்வருக்கு மாற்று' என்பது. அதற்குள் அவளுக்குப் போன் வந்தது. "அப்பாதான் தம்பி, சாப்பிட்டியான்னு கேக்காம அவருக்குத் தூக்கம் வராது. ரெண்டு நிமிஷம்," என்று நடைபாதைக்குப் போனாள்.

எக்ஸ்பிரஸுக்கு இரண்டு நிமிடம் நிற்கத் தெரியாது. முதல் வரியைச் செய்துவிட்டதாகவே நினைத்தான். கை நீட்டி, அவள் கீபோர்டில், அவள் பெயருக்கு எதிரே 'பார்த்துட்டேன்' என்று எழுதினான். விளக்கு பச்சையானது. அமுக்கினான்.

முதல் வரியை அவன் செய்திருக்கவில்லை. பெரிய அளவைக் கேட்டால், இப்போது அந்த அளவில் இடமில்லை என்று வாடகைக் கம்பெனி சொல்லிவிட்டது. சர்வர் மறுபடி எழுந்திருக்கப் பதினொரு நிமிடம் ஆனது. அந்தப் பதினொரு நிமிடத்தில் ஒரே ஒருவர் பட்டனை அமுக்கினார். மகளிடம் சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தவர். கண்ணக்காவின் அப்பா. அழைப்பு உள்ளே வரவில்லை, அவர் பிழைக்கவில்லை.

விசாரணையில் மேனேஜர் அவளிடம் கேட்டார். "பார்த்துட்டேன்னு உங்க பேர்ல இருக்கே?"

"நான் எழுதலை சார்."

"அப்ப யார் எழுதினது? பேயா வந்து எழுதிட்டுப் போச்சு?"

அவள் திரும்பி எக்ஸ்பிரஸைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை போதும். அவன் வாயைத் திறக்கவில்லை. கண்ணக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்பா இருந்த அதே அறையில் படுத்தவள் சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. மூன்று மாதத்தில் அவளும் போய்விட்டாள்.

இப்போது அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தக் கோப்பை ஓடவிட்டான்.

முதலில் ஒரு குழாய் சொட்டும் சத்தம். ஒரு சுவர்க்கடிகாரம். பிறகு இழுத்து இழுத்து வரும் மூச்சு, வயதான மூச்சு.

"அம்மாடி... யாராவது எடுங்கம்மா..."

திரையில் பதிவின் நேரத்தைக் காட்டும் கோட்டை அவன் முன்னே தள்ளினான். சாயங்காலம். பூட்டு திறக்கும் சத்தம். செருப்பைக் கழற்றும் சத்தம். "அப்பா, மாத்திரை போட்டீங்களா?" பிறகு, "அப்பா?"

அவசரமாகத் தள்ளினான். சில வாரங்கள் கடந்துவிட்டன. குழாய் சொட்டியது. "நான் எழுதலைப்பா," என்றது அவள் குரல். எங்கே தள்ளினாலும் அதுவேதான். காலை, மாலை, அதற்கடுத்த வாரம். "நான் எழுதலைப்பா. நான் எழுதலைப்பா." பிறகு அந்தக் குரல் நின்றது. கொஞ்ச நாள் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. குழாயும் கடிகாரமும் மட்டும் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தன.

கோட்டைக் கடைசிக்கு இழுத்தான்.

குழாய் சத்தம் இல்லை.

ஏசி ஓடும் ஓசை கேட்டது. ஒரு ட்யூப்லைட் துடிக்கும் சத்தம். அவன் அசைந்தான். அவனுடைய நாற்காலி கிறீச்சிட்டது. ஒரு விநாடி கழித்து, ஹெட்போனுக்குள் அதே கிறீச் கேட்டது.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

ஹெட்போனில் மூச்சு நிற்கவில்லை.

அவன் ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் திரும்பினான். அறையில் யாரும் இல்லை. பக்கத்தில் கண்ணக்காவின் பழைய நாற்காலி, யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் பாதி சுற்று சுற்றி அவனைப் பார்த்து நின்றது.

கோப்பை அழித்தான். பட்டியலிலிருந்து பெயர் போய்விட்டது. ஆனால் டிஸ்க்கில் ஒரு சொட்டு இடம்கூடத் திரும்பி வரவில்லை. இதில் மர்மம் ஒன்றும் இல்லை, தொழில் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு கோப்பை யாராவது திறந்து வைத்திருக்கும்போது அழித்தால் பெயர்தான் போகும், அவர்கள் கையை எடுக்கும்வரை இடம் போகாது. யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று சர்வரிடம் கேட்டான்.

திரை ஒரு பெயரைக் காட்டியது. ஒரு வருடத்துக்கு முன் மூடிய கணக்கு. கண்ணக்காவுடையது.

சாயங்காலம் அப்பா வீட்டுக்குப் போனான். அப்பா சாய்வு நாற்காலியில் கால் நீட்டி, பட்டனைச் சட்டைக்கு மேலே பதக்கம் மாதிரித் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏன்டா முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லப்பா. பட்டனைச் சும்மா சும்மா அமுக்காதீங்க. அவங்களுக்கு வேற வேலை இருக்கு."

"நான் எங்கடா அமுக்கறேன். ரெண்டு நாளா அதுவா முழிச்சிக்குது. யாரோ ஒரு பொண்ணு லைன்ல வருது. பேச மாட்டேங்குது. 'யாரும்மா'ன்னு கேட்டா, கேட்டுட்டே இருக்கு. பாவம், என்ன குறையோ."

அவன் பட்டனை வாங்கிப் பார்த்தான். பழுது ஒன்றுமில்லை. அன்றைக்காவது யாரிடமாவது சொல்லியிருக்கலாம். மேனேஜரிடம் சொல்லியிருக்கலாம், பொறுமை அண்ணனிடம் சொல்லியிருக்கலாம், எதிரே உட்கார்ந்திருந்த அப்பாவிடமே சொல்லியிருக்கலாம். அவர் எல்லாம் கேட்டுவிட்டு நாலு வார்த்தை திட்டியிருப்பார், அவ்வளவுதான். அவன் சொல்லவில்லை. நாளைக்கு இடத்தைப் பெரிதாக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

மறுநாள் பதினொரு மணிக்கு டிஸ்க் தொண்ணூற்றேழு சதவீதம். இருட்டுவதற்குள் நிறைந்துவிடும். நிறைந்தால் இரவில் வரும் ஓர் அழைப்பும் உள்ளே வராது. இன்னும் பெரிதாக்கலாம் என்றால் அந்த அளவுச் சர்வர் அதற்கு மேல் தாங்காது. சர்வரையே பெரிதாக்க வேண்டும்.

நிறுத்த வேண்டும்.

"ரெண்டு மணிக்கு முடிச்சிடு," என்றார் மேனேஜர். அவன் நாட்காட்டியைப் பார்த்தான். அதே தேதி. வேறு நாள் கேட்க வாயெடுத்தான். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

இரண்டு மணிக்கு முன்பே அவனும் பொறுமை அண்ணனும் உட்கார்ந்துவிட்டார்கள். இந்த முறை அவன் பட்டியலைத் தாளில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தான். அப்பாவுக்குப் போன் செய்து, "போனைப் பக்கத்துலயே வச்சுக்கோங்க," என்று சொல்லியாயிற்று. அவன் கை, அண்ணன் கண். எந்தத் தப்பும் வராது. அண்ணன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் வரியைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

"அழைப்புகளை... இரண்டாவது..."

நடைபாதையில் ட்யூப்லைட் துடிப்பது நின்றது.

திரையின் ஓரத்தில் 'பார்த்துட்டேன்' என்று எழுத்து வந்தது. விளக்கு பச்சையானது. அவன் விரல் அமுக்கியது.

யோசித்து அமுக்கவில்லை. கண் எழுதினால் கை அமுக்கும். ஆறு வருடப் பழக்கம். அந்தப் பழக்கத்தில் பிழைத்தவன் விரலுக்கு அதற்கு மேல் என்ன தெரியும்?

"தம்பி," என்றார் பொறுமை அண்ணன். அவர் இரண்டு கையும் தாளின் மேல் இருந்தன. "நான் இன்னும் முதல் வரியே முடிக்கலையே."

சர்வர் நின்றுவிட்டது. மணி இரண்டு ஏழு.

திரையில், எழுதியவரின் பெயர் இருக்கும் இடத்தில், கண்ணக்கா இருந்தாள்.

அவன் பெரிய அளவைக் கேட்டான். இப்போது அந்த அளவில் இடமில்லை. பழைய அளவைக் கேட்டான். இடமில்லை. அழைப்புகளை இரண்டாவது சர்வருக்குத் திருப்பினான். டிஸ்க்கை இன்னொருவர் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று பதில் வந்தது. பொறுமை அண்ணன் எழுந்து மேனேஜரைக் கூப்பிட ஓடினார். ஆறு வருடத்தில் அவர் ஓடி அவன் பார்த்ததில்லை.

அவன் அப்பாவுக்குப் போன் போட்டான். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"அப்பா! நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்டா." குரல் கொஞ்சம் களைப்பாக இருந்தது. "உன் ஆபீஸ்லேர்ந்து ஒரு பொண்ணு வந்திருக்கு. எதிர்ல உக்காந்திருக்கு."

"யாருப்பா?"

"பேர் சொல்லலை. தடியாக் கண்ணாடி போட்ட பொண்ணு. பட்டன்ல பேசாம இருந்தது நான்தான்னு சொல்லுது. தண்ணி குடுத்தேன், குடிச்சுது."

போனுக்குள், அப்பாவின் குரலுக்குப் பின்னால், குழாய் சொட்டியது. அப்பா வீட்டில் எந்தக் குழாயும் சொட்டுவதில்லை.

"அப்பா, நீங்க எழுந்து வெளில வாங்க. இப்பவே. வாசலுக்கு வாங்க."

"எழுந்துக்க முடியலடா. அதுக்கு ஒரே ஒரு விஷயம் தெரியணுமாம். தெரிஞ்சா போயிடுமாம்."

"என்ன தெரியணுமாம்?"

"அன்னைக்கு யார் எழுதினதுன்னு."

கதவு திறந்தது. மேனேஜர் வந்தார், பின்னால் பொறுமை அண்ணன், அவருக்குப் பின்னால் கீழ் மாடியிலிருந்து இரண்டு மூன்று பேர். எல்லோரும் அவனைச் சுற்றி நின்றார்கள். மேனேஜர் திரையைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

"யார் எழுதினது இது?"

போனுக்குள்ளும் கேள்வி, வெளியிலும் கேள்வி. மணி இரண்டு பதினான்கு.

"சொல்லுடா," என்றார் அப்பா மெதுவாக. "எதுவா இருந்தாலும் சொல்லிடு. சொல்லிட்டா... போலாம் ரைட்."

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எத்தனை முகங்கள் அங்கே! ஒரு வருடமாக அவன் மூடி வைத்த பொய் எப்போதும் தயாராக நாக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது. உண்மையைத்தான் தேடி எடுக்க வேண்டியிருந்தது. அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டான். பொத்தினால் அந்தப் பக்கம் கேட்காது என்று நினைத்தானோ என்னவோ.

"கண்ணக்கா ஐடி சார். யாரோ மூடாம விட்டிருக்காங்க. போன வருஷமும் அவங்கதானே எழுதினாங்க. அதே ஐடிதான். எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவன் போனைக் காதில் வைத்தான்.

குழாய் நின்றுவிட்டிருந்தது.

"டேய்," என்றார் அப்பா. இப்படியொரு குரலில் அவர் அவனை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. டிக்கெட் எடுக்காமல் ஏறியவனைப் பாதி வழியில் இறக்கிவிடும்போதுகூட அவர் குரல் அப்படி இருந்திருக்காது. "அந்தப் பொண்ணு அழுவுதுடா."

"அப்பா..."

"எல்லாம் சொல்லிடுச்சு. நீ அவ இல்லாதப்ப... அவ பேர்ல..." மூச்சு இழுத்தது. "நீயாடா?"

"அப்பா, மாத்திரை எடுத்து நாக்குக்கு அடியில வைங்க! அப்பா!"

மூச்சு மட்டும் கேட்டது. அதன் பக்கத்தில் இன்னொரு மூச்சு.

அப்போதுதான் அவன் அலறினான். "நான்தான்! நான்தான் எழுதினேன்! போன வருஷம் அக்கா எழுதலை சார், நான்தான் அவங்க கீபோர்டுல எழுதினேன்! அக்கா, விட்டுருங்க அக்கா, அவர் ஒண்ணும் பண்ணலை!"

அவன் சொல்லி முடித்த அந்த விநாடி சர்வர் எழுந்தது. யாரும் தொடவில்லை. கேட்ட பெரிய அளவிலேயே எழுந்தது. மணி இரண்டு பதினெட்டு.

கீழே முதல் மாடியில் ஒரே ஓர் அழைப்பு உள்ளே வந்தது. எடுத்த பெண் "சொல்லுங்க தாத்தா," என்றாள். செக் பண்ணேன் அம்மாடி என்று வரும் என்று காத்திருந்தாள்.

எக்ஸ்பிரஸ் அப்பா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது, ஆனால் யாரும் அவசரப்படவில்லை. அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். ஒரு கையில் போன். மற்றொரு கையின் கட்டைவிரல் பட்டன் மேலேயே இருந்தது. பட்டனுக்குள் இருக்கும் கணக்கைப் பிறகு எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு எட்டிலிருந்து பதினொரு முறை அமுக்கியிருக்கிறார். மகனோடு போனில் பேசிக்கொண்டே, அவனைப் பயமுறுத்தக் கூடாது என்று வலியைச் சொல்லாமல், மறு கையால் அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்.

அவருக்கு எதிரே சாப்பாட்டு மேசையின் நாற்காலி ஒன்று இழுத்துப் போடப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் தரையில் ஒரு டம்ளர், பாதித் தண்ணீரோடு. யாராவது வந்தார்களா என்று பக்கத்து வீட்டில் கேட்டான். மதியமெல்லாம் வாசலிலேதான் உட்கார்ந்திருந்தோம், ஈ காக்காய் வரவில்லை என்றார்கள்.

பதினைந்து நாள் கழித்து அவன் கடைசியாக ஒரு முறை ஆபீஸுக்கு வந்தான். எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தான். பழைய பதிவில் கண்ணக்காவின் பெயரை எடுத்துவிட்டு அவன் பெயரைப் போட்டுவிட்டார்கள். வேலை போய்விட்டது. அதைப் பற்றி அவனுக்கு வருத்தம் எதுவும் வரவில்லை. எதற்காக அத்தனை பொய் சொன்னானோ அந்த வேலை, கையில் இருந்து போகும்போது ஒரு கைக்குட்டை அளவுகூடக் கனக்கவில்லை.

பொறுமை அண்ணன் மட்டும் பேசினார். "அந்தக் கோப்பு போயிடுச்சு தம்பி. அன்னைக்கு ரெண்டு பதினெட்டோட நின்னு, தானாவே போயிடுச்சு. எட்டாயிரமாக்கின டிஸ்க்ல வெறும் முந்நூறு ஜிபிதான் நிறைஞ்சிருக்கு. அவ்வளவு பெரிய காலி இடம். இனிமே அதைச் சின்னதாக்கவும் முடியாது, என்ன பண்றது."

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. அவனுடைய கணக்கை மூட வேண்டும். அதற்கும் கையும் கண்ணும் வேண்டும் என்பதுதான் விதி. தன் கணக்கைத் தானே மூடுகிறேன் என்று அவன் கேட்டுக்கொண்டான். அண்ணன் கண்ணாக உட்கார்ந்தார். கண்ணக்காவின் நாற்காலியைத் தொடாமல் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார்.

அவன் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தான். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். எக்ஸ்பிரஸ் வாழ்க்கையில் முதல் முறையாகக் காத்திருந்தான். அண்ணன் ஒவ்வொரு வரியாகப் படித்தார். இரண்டு கையாலும் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு படித்தார்.

நடைபாதையில் ட்யூப்லைட் துடிப்பது நின்றது.

கண்ணின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அதற்கு எதிரே எழுத்து வர ஆரம்பித்தது. கீபோர்ட் பழக்கமில்லாதவர் ஒற்றை விரலால் தேடித் தேடி அடிப்பதுபோல் ஒவ்வொன்றாக, நிதானமாக வந்தது. பக்கத்தில் யாரோ பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பதுபோல் நடுவில் நின்று நின்று வந்தது.

'பார்த்துட்டேன்டா. போலாம் ரைட்.'

விளக்கு பச்சையானது. பொறுமை அண்ணனின் இரண்டு கையும் டம்ளரின் மேலேயே இருந்தன.

திரையின் மூலையில் டிஸ்க்கின் கணக்கு முந்நூறிலிருந்து முந்நூற்றொன்றாக மாறியது.